எந்த விளையாட்டில் சேர்ப்பது என்று கேட்பதற்கு முன்: 3 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கான அசைவுப் பயிற்சி வழிகாட்டி

கோடை விடுமுறை விட்டதும் தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் விளையாட்டரங்கப் பக்கம் வரும் பெற்றோர் கேட்பது ஒரே கேள்விதான். "சார், பையனுக்கு ஆறு வயசு ஆகுது. எதுல சேர்க்கலாம்? கிரிக்கெட்டா, பேட்மிண்டனா?" உடற்கல்வி ஆசிரியனாக நான் திருப்பிக் கேட்பது வேறு. ஒற்றைக் காலில் நாலைந்து தரம் தத்துவானா? மெதுவாகப் போடும் பந்தை நெஞ்சோடு அணைக்காமல் கையால் பிடிப்பானா? ஓடி வந்து சொன்ன இடத்தில் விழாமல் நிற்பானா? பெரும்பாலும் வரும் பதில்: "அதெல்லாம் தானா வந்துரும் சார்."

தானாக வராது. குப்புற விழுவதும் தவழ்வதும் நடப்பதும் ஓரளவு தானாக வரும். எறிவது, பிடிப்பது, தத்துவது, குதித்து ஒழுங்காகக் கால் ஊன்றுவது எல்லாம் யாராவது காட்டிக்கொடுத்து, திரும்பத் திரும்பச் செய்ய இடமும் நேரமும் கிடைத்தால்தான் வரும். கிடைக்காத பிள்ளை வளர்ந்து பெரிய ஆளான பிறகும் பந்தைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வெர்ன் சீஃபெல்ட் 1980-இல் இதை ஒரு தடையாகச் சொன்னார். அடிப்படை அசைவுகள் கைவராத பிள்ளை பிற்பாடு எந்த விளையாட்டுக்குள் நுழையப் பார்த்தாலும் அந்தத் தடையில் முட்டி நின்றுவிடும் என்பது அவர் கருத்து. ஏழாம் வகுப்பு விளையாட்டு பீரியடில் இதைக் கண்ணால் பார்க்கலாம். "வயிறு வலிக்குது சார்" என்று வேப்பமரத்தடியில் போய் உட்காரும் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு வயிறு வலிப்பதில்லை. சோம்பேறித்தனமும் இல்லை. பந்து தன்னிடம் வந்தால் தவறவிடுவோம், மற்றவர்கள் சிரிப்பார்கள் என்ற பயம்தான். அந்தப் பயம் ஏழாம் வகுப்பில் முளைத்ததல்ல. ஒன்றாம் வகுப்பிலேயே விட்டுப்போன வேலை அது.

அதனால் இந்த வழிகாட்டியில் கிரிக்கெட்டும் பேட்மிண்டனும் கடைசியில்தான் வரும். பெற்றோர், அங்கன்வாடிப் பணியாளர், உடற்கல்வி ஆசிரியர் இல்லாத தொடக்கப் பள்ளியில் எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்ளும் ஆசிரியர், இவர்களுக்காக எழுதுகிறேன்.

எதையெல்லாம் கற்றுத்தர வேண்டும்

மூன்று வகை. இடம் பெயரும் அசைவுகள்: ஓடுவது, குதிப்பது, தத்துவது, தாவுவது, பக்கவாட்டில் நகர்வது. பொருளைக் கையாளும் அசைவுகள்: எறிவது, பிடிப்பது, உதைப்பது, அடிப்பது, உருட்டுவது, தட்டிக்கொண்டே போவது. நிலை காக்கும் அசைவுகள்: ஒற்றைக் காலில் நிற்பது, வளைவது, திரும்புவது, கால் ஊன்றுவது, உருள்வது. உலகத்தில் எந்த விளையாட்டை எடுத்தாலும் இவற்றின் கலவைதான்.

நம் ஊர் ஆட்டங்களில் இவை நிறையவே இருந்தன. பாண்டி ஆடினால் தத்துவது, திரும்புவது, சில்லைக் குறி பார்த்துப் போடுவது மூன்றும் வந்துவிடும். பச்சைக்குதிரையில் தாண்டுவதும் கால் ஊன்றுவதும். கில்லியில் அடிப்பது. கற்களை அடுக்கிப் பந்தால் அடிக்கும் ஏழு கல்லில் எறிவதும் விலகுவதும். அந்தக் காலத்துப் பிள்ளைகள் எல்லாம் வீராதி வீரர்கள் என்று சொல்ல வரவில்லை. அந்த ஆட்டங்களிலும் ஒரு ஓட்டை இருந்தது. கில்லி, பம்பரம், ஏழு கல் பையன்களுக்கு. பாண்டி, கயிறு, கும்மி பெண் பிள்ளைகளுக்கு என்று பிரித்தே வைத்திருந்தோம். அதனால் பெண்கள் அழகாகத் தத்தினார்கள், கை ஓங்கி எறியப் பழகவில்லை. இன்றைக்கு வீட்டு வாசலில் பைக் நிற்கிறது, பிள்ளை வேனில் போய் வேனில் வருகிறது, வந்ததும் டியூஷன். இரண்டு பக்கமும் போய்விட்டது.

படி 1: முதலில் பாருங்கள், பயிற்சி பிறகு

ஒரு மாலை வேளையில் பிள்ளையை விளையாட விட்டு, இவற்றைச் செய்யச் சொல்லிப் பாருங்கள்: இருபது அடி ஓடி நிற்பது, இரண்டு காலையும் சேர்த்துக் குதிப்பது, ஒற்றைக் காலில் தத்துவது, ஒற்றைக் காலில் நிற்பது, பந்தை எறிவது, பிடிப்பது, உதைப்பது. எவ்வளவு தூரம், எவ்வளவு வேகம் என்று அளக்க வேண்டாம். எப்படிச் செய்கிறது என்பதை மட்டும் பாருங்கள். 1985-இல் டேல் அல்ரிச் உருவாக்கிய, இப்போதும் பல நாடுகளில் பயன்படும் சோதனையும் இதே மாதிரிதான். பந்து எங்கே போய் விழுந்தது என்பதற்கு அதில் மதிப்பெண் இல்லை. எறியும்போது எதிர்க்கால் முன்னே வந்ததா, இடுப்பு திரும்பியதா என்பதற்குத்தான் மதிப்பெண்.

வயதுக்கு எது பொதுவாக வரும் என்றும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். 3 வயதில் ஓடும், ஒரு படி உயரத்திலிருந்து குதிக்கும், நின்ற பந்தை உதைக்கும். 4 வயதில் பெரிய பந்தைப் பெரும்பாலும் பிடித்துவிடும். 5 வயதில் ஒற்றைக் காலில் தத்தும். ஒரு அடி வைத்து அதே காலில் ஒரு தத்து, அடுத்து மறுகாலில் அதே மாதிரி என்று மாற்றி மாற்றிப் போவது ஐந்து, ஆறு வயதில் அமையும். டென்னிஸ் பந்து அளவுள்ளதை வெறும் கையால் பிடிக்க ஆறேழு வயதாகும். ஒரு வருடம் முன்பின் இருந்தால் கவலை இல்லை. "பக்கத்து வீட்டுப் பையன் செய்யறான், நீ செய்ய மாட்டேங்கற" என்ற ஒரு வாக்கியம் மட்டும் வீட்டில் வேண்டாம்.

பள்ளியில் மத்திய அரசின் கேலோ இந்தியா உடற்திறன் சோதனை செய்கிறவர்களுக்கு இதில் பாதி தெரிந்திருக்கும். 5 முதல் 8 வயதுப் பிள்ளைகளுக்கு அதில் உயரம், எடையோடு இருப்பவை இரண்டே: ஒற்றைக் காலில் நிற்கும் ஃபிளமிங்கோ சோதனை, கையால் தட்டுகளை மாறி மாறித் தொடும் சோதனை. 50 மீட்டர், 600 மீட்டர் ஓட்டமெல்லாம் 9 வயதுக்கு மேல்தான். சின்னப் பிள்ளைகளிடம் அரசாங்கமே முதலில் பார்ப்பது சமநிலையையும் கைக்கண் ஒத்திசைவையும்தான் என்பதைக் கவனியுங்கள்.

படி 2: இடமும் சாமானும்

மைதானம் இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். கேழ்வரகு அடித்து முடித்த களம் ஒன்று போதும். பள்ளி முற்றம், மாந்தோப்பில் மரங்களுக்கு நடுவே உள்ள சந்து, மாரியம்மன் கோயில் முன்னால் உள்ள திடல், எல்லாமே நல்ல இடங்கள். ஆனால் நம் பக்கத்து மண்ணில் இரண்டு எதிரிகள் உண்டு: நெருஞ்சி முள்ளும் சல்லிக் கல்லும். வெறுங்காலில் விளையாடுவது நல்லதுதான், பாதத்துக்கு வலு வரும். விளையாடும் முன் இடத்தை ஒருமுறை துடைப்பத்தால் கூட்டிவிட்டுப் பிள்ளைகளையே வரிசையாக நடந்து பொறுக்கச் சொல்லுங்கள். பங்குனி தொடங்கி மழை வரும்வரை காலை ஒன்பது மணிக்கு மேல் தருமபுரி, அரூர், ஊத்தங்கரை வெயிலில் வெறுங்கால் வைக்க முடியாது. காலை ஏழிலிருந்து எட்டரை, மாலை நாலரைக்கு மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓசூர், தளிப் பக்கம் கொஞ்சம் தாராளம்.

சாமான்களில் நான் முதலில் செய்யச் சொல்வது புளியங்கொட்டைப் பை. மாசி, பங்குனியில் புளி தட்டும் வீடுகளில் கேட்டால் கொட்டை கிடைக்கும். பழைய பேண்ட் துணியில் ஒரு சாண் நீளம், அரைச் சாண் அகலம் வெட்டி, இரண்டாக மடித்து, இரண்டு பக்கம் நெருக்கமாகத் தையல் போட்டுத் திருப்பி, கொட்டையைப் போட்டு வாயைத் தைத்துவிட வேண்டும். பாதிக்குக் கொஞ்சம் மேலே மட்டும் நிரப்புங்கள். முழுக்க நிரப்பினால் கல் மாதிரி ஆகிவிடும், விரலில் பட்டால் வலிக்கும். தளர்வாக இருந்தால் உள்ளங்கையில் வந்து அப்படியே படியும். பந்து கையில் பட்டுத் தெறிக்கும்; பை தெறிக்காது. விழுந்தால் விழுந்த இடத்திலேயே கிடக்கும், முப்பது பிள்ளைகள் முப்பது பந்தைத் துரத்தி ஓடுவதில் நேரம் போகாது. மழையில் நனைந்தால் வெயிலில் காயப் போட்டு எடுத்துவிடுங்கள்.

அப்புறம் பழைய சைக்கிள் டயர் பத்து, பழைய செய்தித்தாளைக் கசக்கித் துணி சுற்றிச் சணல் கட்டிய பந்து, தென்னை மட்டையில் செதுக்கிய பேட், கோடு போடச் சாம்பலோ கோலமாவோ, இரண்டு கோணிப்பை, நாலு செங்கல், ஒரு பாக்கெட் பலூன். இருநூறு ரூபாய்க்குள் அடங்கிவிடும்.

படி 3: நிற்பதும் கால் ஊன்றுவதும்

எல்லாரும் ஓட்டத்தில் தொடங்குவார்கள். நான் நிற்பதில் தொடங்கச் சொல்வேன். நிற்கத் தெரியாத பிள்ளைதான் சுவரில் மோதுகிறது, இன்னொரு பிள்ளை மேல் விழுகிறது, அடுத்த நாள் "விளையாட அனுப்ப மாட்டேன்" என்று அம்மா வந்து நிற்கிறார்.

சிலை ஆட்டம் ஆடுங்கள். எல்லாரும் ஓடட்டும், கை தட்டியதும் சிலை. நிற்கும்போது கடைசி இரண்டு மூன்று அடி குட்டையாக வர வேண்டும், முழங்கால் மடங்க வேண்டும், இடுப்பு கீழே இறங்க வேண்டும். விறைப்பாக நின்றால் முன்னால் கவிழும். பிறகு திசை மாற்றுங்கள்: ஒரு தட்டுக்கு நிற்க, இரண்டு தட்டுக்குத் திரும்பி ஓட. கபடி பார்த்து வளரும் பிள்ளைகளுக்கு இது சட்டென்று பிடிபடும். ரெய்டு போனவர் நடுக்கோட்டுக்குத் திரும்பும் அந்த ஒரு கணத்தில் இந்த அசைவு முழுக்க இருக்கிறது.

குதித்து இறங்குவதைச் செங்கல் உயரத்தில் தொடங்கி, பழகிய பின் ஒரு படி உயரம் போங்கள். முன்பாதம் முதலில் தரையைத் தொட வேண்டும், பிறகு குதிகால். முழங்கால் மடங்கும்போது இரண்டும் உள்பக்கம் சாய்ந்து ஒன்றையொன்று பார்க்கக் கூடாது. பிள்ளைக்கு இவ்வளவு விளக்கம் தேவையில்லை. "சத்தம் வராம இறங்கு, பூனை வர மாதிரி" என்றால் போதும், உடம்பு தானே சரி செய்துகொள்ளும். பையன்களைவிடப் பெண் பிள்ளைகளுக்கு வயது வரும் காலத்தில் முழங்கால் தசைநார்க் காயம் வரும் வாய்ப்பு அதிகம் என்பதால், இதை அவர்களுக்குக் கூடுதலாகவே பழக்குங்கள்.

ஒற்றைக் காலில் நிற்பதற்குத் தனி வகுப்பு வேண்டாம். பல் துலக்கும்போது ஒரு காலில் நிற்கச் சொல்லுங்கள். காலையில் இடது, இரவில் வலது.

படி 4: ஓட்டம், தத்தல், தாவல்

ஓட்டத்தில் கற்றுத்தர அதிகம் இல்லை. கை குறுக்கே வீசாமல் முன்பின்னாக வீசுகிறதா, முழங்கை மடங்கியிருக்கிறதா, கண் முன்னால் பார்க்கிறதா என்று பார்த்தால் போதும். ஓடிப்பிடிக்கும் ஆட்டம் மற்றதைப் பார்த்துக்கொள்ளும்.

தத்துவதற்குப் பாண்டியைத் திரும்பக் கொண்டுவாருங்கள். வழக்கமான காலில் ஒரு சுற்று, மறுகாலில் ஒரு சுற்று என்ற ஒரு விதியை மட்டும் சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் எல்லாப் பிள்ளையும் ஒரே காலிலேயே ஓட்டிவிடும். தொடக்க வகுப்புகளில் எழுத்தும் எண்ணும் பழக்கும் அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்ட வகுப்பு எடுக்கும் ஆசிரியர்கள் பாண்டிக் கட்டங்களில் எண்ணையோ எழுத்தையோ எழுதிவிட்டால், சொன்ன எண்ணுக்குத் தத்திப் போ என்று பாடத்தோடு பாடமாக இதுவும் நடக்கும். தலைமையாசிரியர் கேட்டால் பாடம்தான் நடக்கிறது என்று சொல்லிக்கொள்ளலாம், பொய்யும் இல்லை.

பக்கவாட்டில் நகர்வது, குதிரை ஓட்டம், மாற்றி மாற்றித் தத்திப் போவது இவையெல்லாம் காட்டினால் வரும், சொன்னால் வராது. ஓசூர், தளி, வேப்பனப்பள்ளிப் பக்கம் ஒரே வகுப்பில் தமிழ், தெலுங்கு, கன்னடம் பேசும் பிள்ளைகள் இருப்பார்கள். தொழிற்பேட்டைப் பக்கம் இந்தி பேசும் பிள்ளைகளும் உண்டு. அங்கே வாயை மூடிக்கொண்டு செய்து காட்டுவதே சிறந்த முறை. உண்மையில் எல்லா ஊரிலும் அதுதான் சிறந்த முறை.

படி 5: எறிவதும் பிடிப்பதும்

இதில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். இந்த இரண்டும்தான் கடைசியில் வருபவை, இந்த இரண்டில்தான் பிள்ளைகள் அவமானப்படுகிறார்கள்.

எறியத் தெரியாத பிள்ளையைப் பாருங்கள். நேராக நம்மைப் பார்த்து நிற்கும், கால் இரண்டும் தரையில் ஒட்டியிருக்கும், முழங்கையை மட்டும் மடக்கி நீட்டும். அல்லது எறியும் கையும் அதே பக்கத்துக் காலும் சேர்ந்து முன்னே வரும். சரியான எறிதலில் பிள்ளை பக்கவாட்டாக நிற்கும். கை பின்னால் போகும். எதிர்க்கால் ஒரு அடி முன்னே போகும். இடுப்பு திரும்பும், அதன் பின்னாலேயே தோள் திரும்பும். எறிந்து முடித்த கை எதிர்த் தொடைப் பக்கம் போய் முடியும். இத்தனையும் ஒரே நாளில் சொல்லாதீர்கள். ஒரு வாரத்துக்கு ஒரு விஷயம்.

முதல் வாரம் கால் மட்டும். எறியும் கையின் மணிக்கட்டில் ஒரு சிவப்புக் கயிறு, எதிர்க்காலின் கணுக்காலில் ஒரு சிவப்புக் கயிறு கட்டிவிடுவேன். முன்னால் ஒரு டயர். கயிறு கட்டிய கால் டயருக்குள் போக வேண்டும், கயிறு கட்டிய கை எறிய வேண்டும். இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி இப்படித்தான் வந்து நின்றாள்.

"சார், எனக்குத் தூரமே போகல."

"தூரத்தை விடு கண்ணு. கயிறு கட்டின கால் எங்க இருக்கு?"

குனிந்து பார்த்தாள். கால் டயருக்கு வெளியே இருந்தது. ஒன்றும் பேசாமல் திரும்பிப் போய்ப் பையை எடுத்து வந்து, காலை டயருக்குள் வைத்து எறிந்தாள். பை கூடுதலாக ஒரு முழம்கூடப் போயிருக்காது. ஆனால் அன்றைக்கு அவளுக்கு வேண்டியது அந்தக் கால்தான். இடுப்பு அடுத்த வாரம்.

இங்கே பலர் கவனிக்காத ஒன்று உண்டு. சின்ன வயதில் குறி பார்க்க வைக்காதீர்கள். சின்ன இலக்கை வைத்தால் பிள்ளை உடம்பை இறுக்கி, பயந்து பயந்து மெல்ல எறியும். கற்ற அசைவு சுருங்கிவிடும். "அந்தச் சுவர்ல பட்டு வெடிக்கற மாதிரி எறி" என்று சொல்லுங்கள். பலமாக எறியும்போதுதான் இடுப்பும் தோளும் திரும்பும். குறி எட்டு வயதுக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம்.

பிடிப்பதில் முதல் எதிரி பயம். பந்து வரும்போது கண்ணை மூடுவது, முகத்தைத் திருப்புவது எல்லாம் பந்து வலிக்கும் என்று பிள்ளை முன்பே கற்றுக்கொண்டதன் அடையாளம். அதனால் கார்க் பந்தையும் ரப்பர் பந்தையும் தூர வையுங்கள். பலூனில் தொடங்குங்கள். பலூன் மெதுவாக இறங்கும், கண் அதைத் தொடர்ந்து வர நேரம் கிடைக்கும். பலூனைத் தரையில் விழவிடாமல் தட்டிக்கொண்டே இருப்பது முதல் ஆட்டம். அடுத்து இரண்டு கையால் பிடிப்பது. அடுத்து புளியங்கொட்டைப் பை: தன் கையாலேயே மேலே போட்டுத் தானே பிடிப்பது, பிறகு நாலைந்து அடி தூரத்திலிருந்து நீங்கள் கையைத் தாழ்த்திப் போடுவது. அதற்குப் பிறகுதான் பந்து, அதுவும் ஒரு குத்துக் குத்தி எழும்பி வரும் பந்து.

கை எப்படி? முழங்கை லேசாக மடங்கி முன்னே நீள வேண்டும். பந்து பட்டதும் கை உடம்பை நோக்கிப் பின்வாங்க வேண்டும். நெஞ்சுக்கு மேல் வந்தால் விரல்கள் மேல்நோக்கி, இடுப்புக்குக் கீழே வந்தால் விரல்கள் கீழ்நோக்கி. பந்தில் ஸ்கெட்ச் பேனாவால் பெரிய எழுத்து ஒன்று எழுதிவிட்டு, பிடித்ததும் "என்ன எழுத்து?" என்று கேட்டுப் பாருங்கள். கடைசிவரை கண் பந்தின் மேலேயே இருக்கும். "கண்ணைத் தொறந்து பாரு" என்று நூறு தரம் கத்துவதைவிட இது மேல்.

படி 6: உதைப்பதும் அடிப்பதும்

இது வேகமாக வரும். உதைக்கும்போது ஊன்றும் கால் பந்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், பின்னால் இருந்தால் பந்து மேலே போகும். விரல் நுனியால் குத்த வேண்டாம். பேட்டை வைத்து அடிப்பதை நிற்கும் பந்தில் தொடங்குங்கள்: பெயிண்ட் டப்பா மேல் துணிப்பந்தை வைத்து, பக்கவாட்டாக நின்று அடிக்கட்டும். மரக்கிளையில் கயிறு கட்டித் தொங்கவிட்ட பந்தும் நல்லது. வீசும் பந்தை அடிப்பது கடைசி. நாலு வயதுப் பிள்ளைக்கு வேகமாகப் பந்து போட்டு அவுட் ஆக்கும் மாமாக்கள் இந்தப் பகுதியை இன்னொரு முறை படிக்கலாம்.

படி 7: முப்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது

வரிசை கட்டாதீர்கள். முப்பது பேர் வரிசையில் நின்று ஒரு பந்தை மாறி மாறி எறிந்தால், அரை மணி நேரத்தில் ஒரு பிள்ளை எறிவது நாலைந்து தரம்தான். இடத்தை ஐந்தாகப் பிரியுங்கள்: ஒரு மூலையில் பாண்டி, ஒரு மூலையில் சுவரில் எறிவது, ஒன்றில் பலூனும் பையும், ஒன்றில் செங்கல் மேலிருந்து குதிப்பது, நடுவில் சிலை ஆட்டம். ஆறு ஆறு பேராக, நாலைந்து நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். நாலாம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை மூலைக்கு ஒருவராக நிறுத்தினால் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். சொல்லிக்கொடுக்கும்போது அவர்களுக்கும் தெளியும்.

அவுட் ஆனவர் வெளியே உட்காரும் ஆட்டங்களை விட்டுவிடுங்கள். முதலில் அவுட் ஆவது எப்போதும் பயிற்சி அதிகம் தேவைப்படும் பிள்ளைதான். அதை உட்கார வைத்துவிட்டு நன்றாக ஆடுபவனுக்கு மேலும் பயிற்சி கொடுக்கிறோம். அவுட் ஆனவர் ஐந்து தத்து தத்திவிட்டுத் திரும்ப உள்ளே வரலாம் என்று விதியை மாற்றினால் போதும்.

எவ்வளவு நேரம்? உலக சுகாதார நிறுவனம் 3, 4 வயதுப் பிள்ளைகளுக்கு நாள் முழுக்கச் சேர்த்து 180 நிமிட அசைவு சொல்கிறது, அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவுக்கு. 5 முதல் 17 வயதுவரை தினமும் சராசரியாக 60 நிமிடம். அதில் வாரம் மூன்று நாள் எலும்பும் தசையும் வலுப்பெறும் வேலை. அசைவுப் பயிற்சிக்கு மட்டும் வாரம் மூன்று நாள், அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும். மீதி ஓடியாடட்டும்.

பெண் பிள்ளைகள், மாற்றுத்திறன் உள்ள பிள்ளைகள்

ஆறாம் வகுப்பில் பெண் பிள்ளைகள் மைதானத்திலிருந்து மெல்ல ஒதுங்குவதைத் தடுக்க வேண்டுமானால் வேலையை மூன்றாம் வகுப்பிலேயே தொடங்க வேண்டும். எறிவதிலும் அடிப்பதிலும் அவர்களுக்கு முதல் வாய்ப்புக் கொடுங்கள். பாவாடையோடு பச்சைக்குதிரை தாண்டச் சொல்லி எந்தப் பிள்ளையும் சங்கடப்படக் கூடாது. விளையாட்டு இருக்கும் நாளில் உள்ளே பேண்ட் போட்டு அனுப்பச் சொல்லிப் பெற்றோர் கூட்டத்தில் நேராகப் பேசிவிடலாம். வயதுக்கு வந்த பிறகு "இனி ஓடியாடக் கூடாது" என்று பாட்டி சொன்னால், மாதவிடாய் நாட்களில்கூட விளையாடத் தடையில்லை, உடம்பு முடிந்தால் விளையாடலாம் என்று அம்மாவிடம் பொறுமையாகச் சொல்ல வேண்டும்.

கால் சரியில்லாத பிள்ளையை ஸ்கோர் எழுதும் வேலைக்கு உட்கார வைப்பது நம் வழக்கம். பக்கத்துச் சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியைச் சேர்ந்த மாரியப்பன் தங்கவேலு ஐந்து வயதில் பேருந்து விபத்தில் வலது கால் நசுங்கியவர். பள்ளியில் வாலிபால் ஆடிக்கொண்டிருந்தவரை உயரம் தாண்டச் சொன்னவர் அவருடைய உடற்கல்வி ஆசிரியர். 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கினார். எல்லாப் பிள்ளைக்கும் பதக்கம் வராது. உட்கார்ந்தபடி எறிவது, பலூன் பிடிப்பது, டயர் உருட்டுவது மட்டும் எல்லாப் பிள்ளைக்கும் வரும்.

இன்னொன்று நம் இரண்டு மாவட்டத்துக்கே உரியது. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகமுள்ள பகுதி இது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் (ஃபுளோரைடு மிகுந்து பல்லும் எலும்பும் கெடும் நோய்) தடுப்பு என்பது இருக்கிறது. குடிக்கவும் சமைக்கவும் போர்த் தண்ணீரைத் தவிர்த்து அந்தக் குழாய்த் தண்ணீரைப் பயன்படுத்துங்கள். பிள்ளையின் பல்லில் பழுப்புக் கறை, மூட்டு வலி, விறைப்பு, கால் வளைவு என்று ஏதாவது தெரிந்தால் பயிற்சியால் சரியாகிவிடும் என்று காத்திருக்க வேண்டாம். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, காட்டிவிடுங்கள். ஐந்து வயதாகியும் அடிக்கடி காரணமில்லாமல் விழும் பிள்ளைக்கும் இதே பதில்தான். கண்ணையும் ஒருமுறை பரிசோதியுங்கள். பந்து பிடிக்கத் தெரியாத சில பிள்ளைகளுக்குப் பந்தே சரியாகத் தெரிவதில்லை.

படி 8: சரி, எப்போது ஒரு விளையாட்டில் சேர்ப்பது

எட்டு, ஒன்பது வயதில் இரண்டு மூன்று விளையாட்டுகளை ருசி பார்க்கட்டும். ஒரு பருவம் கபடி, ஒரு பருவம் வாலிபால், கோடையில் கிருஷ்ணகிரியிலோ ஓசூரிலோ நீச்சல். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் ஒரே விளையாட்டில் முழுமூச்சாக இறங்குவதை 15, 16 வயதுவரை தள்ளிப்போடச் சொல்கிறது. சின்ன வயதிலிருந்து ஒரே விளையாட்டு என்றால் ஒரே மூட்டு தேய்கிறது, மனமும் சலித்துவிடுகிறது. ஜிம்னாஸ்டிக்ஸ் போன்ற சில விளையாட்டுகள் விதிவிலக்கு. அவசரப்படும் பெற்றோருக்கு ஒன்று சொல்வேன்: தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகளே ஏழாம் வகுப்பிலிருந்துதான் பிள்ளைகளைச் சேர்க்கின்றன. ஆறு வயதில் ஓடிப்போய் அகாடமிக்குப் பணம் கட்ட ஒன்றுமில்லை.

பயிற்சி மையத்தில் சேர்க்கும் முன் ஒரு மாலை ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். பிள்ளைகள் பாதி நேரம் வரிசையில் நிற்கிறார்களா? பயிற்சியாளர் தவறவிட்ட பிள்ளையைத் திட்டுகிறாரா, கை எங்கே இருக்க வேண்டும் என்று காட்டுகிறாரா? எட்டு வயதுப் பிள்ளைக்கு வாரம் ஏழு நாளும் பயிற்சி என்றால் வேறு இடம் பாருங்கள்.

அஞ்செட்டி, சித்தேரி மாதிரி மலையூர்களில் அகாடமியும் இல்லை, அரங்கமும் தூரம். அங்கே பிள்ளை போய்ச் சேருவது ஊர்க் கபடி அணியில்தான். நல்லதுதான். ஆனால் பன்னிரண்டு வயதுப் பையனை, உடம்பு தேறியிருக்கிறது என்று பெரியவர்களோடு மோத விடாதீர்கள். எடை ஒத்த பிள்ளைகளோடு மட்டும் ஆட விடுங்கள். கல் பொறுக்கிய உழுத மண்ணிலோ மணலிலோ ஆடட்டும். ஆட்டத்துக்கு முன் பத்து நிமிடம் நிற்பதும் திரும்புவதும் விழுந்து உருள்வதும் செய்துவிட்டு இறங்கட்டும்.